ஜன்னல் கண்ணாடி மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: விலைக்கு முன்னால் பேச வேண்டியவை

ஜன்னல் கண்ணாடி உடைந்ததும் பெரும்பாலானோர் செய்கிற முதல் காரியம், கண்ணாடிக்காரருக்கு போன் போட்டு "மூணுக்கு ரெண்டு, எவ்வளவு ஆகும்?" என்று கேட்பது. அவரும் ஒரு தொகை சொல்லிவிடுவார். அந்தத் தொகை எந்த வகைக் கண்ணாடிக்கு, எத்தனை மி.மீ. தடிமனுக்கு, பழையதைப் பெயர்த்தெடுக்கும் கூலி சேர்த்தா சேர்க்காமலா என்பதையெல்லாம் இருவருமே பேசியிருக்க மாட்டார்கள். வேலை முடிந்தபின் வருகிற மனத்தாங்கல் பெரும்பாலும் இப்படிப் பேசாமல் விட்டதிலிருந்துதான் கிளம்புகிறது. கண்ணாடிக்காரர்களில் பலர் ஏமாற்றுகிறவர்கள் இல்லை, கேட்டதைச் செய்கிறவர்கள். விலையை மட்டும் கேட்டால், அந்த விலைக்குள் அடங்குகிற கண்ணாடி வரும். அவ்வளவுதான்.

எதனால் உடைந்தது என்று பார்க்காமல் மாற்றுவது

பந்து பட்டு உடைந்திருந்தால் காரணம் தெரிந்துவிட்டது, விடுங்கள். யாரும் தொடாமலே விரிசல் விட்டிருந்தால், அதை எடுப்பதற்கு முன்னால் விரிசல் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஓரத்திலிருந்து செங்குத்தாகக் கிளம்பி, கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு வளைந்து நெளிந்து ஓடினால் பெரும்பாலும் அது வெப்பத்தால் வந்த விரிசல். கண்ணாடியின் நடுப்பகுதி வெயிலில் சூடேறி விரியப் பார்க்கும். சட்டத்துக்குள் மறைந்திருக்கும் ஓரம் அவ்வளவு சூடாகாது. அந்த இழுவையைத் தாங்க முடியாமல் ஓரம் பிளந்துகொள்ளும். அடர் நிற சன் ஃபிலிம் ஒட்டிய சாதாரணக் கண்ணாடியில் இதற்கு வாய்ப்பு அதிகம். அதே கண்ணாடியைப் போட்டு அதே ஃபிலிமை ஒட்டினால், அடுத்த விரிசலுக்கு இப்போதே முன்பதிவு செய்த மாதிரிதான்.

விரிசல் மூலையிலிருந்து கிளம்பியிருந்தால் சட்டத்தைச் சந்தேகப்படுங்கள். பீடிங்கை (கண்ணாடியைப் பிடித்து நிறுத்தும் ஒல்லிச் சட்டத்தை) நெம்பி எடுத்துவிட்டு, காடிக்குள் (கண்ணாடி உட்காரும் பள்ளத்துக்குள்) ஸ்க்ரூடிரைவரை விட்டுச் சுரண்டிப் பார்த்தால் பல நேரம் விஷயம் வெளியே வந்துவிடும். பீடிங்குக்கு அடித்த ஆணி ஒன்று சாய்வாக இறங்கி, கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். தொட்ட இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். கதவை ஒவ்வொரு முறை அடித்துச் சாத்தும்போதும் அடி அந்தச் சில்லில்தான் விழுந்திருக்கும். இரும்பு ஜன்னலாக இருந்தால் காடிக்குள் துரு ஏடு ஏடாக உப்பியிருக்கும். துரு, தான் அரித்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதில் கண்ணாடி நெரிபடாமல் என்ன செய்யும்? மரச்சட்டம் ஈரத்தில் உப்பினாலும் இதே கதைதான்.

இதைச் சுட்டிக்காட்டினால் "அது என் வேலை இல்லைங்க, கார்பெண்டரைக் கூப்பிடுங்க" என்று கண்ணாடிக்காரர் சொல்லக்கூடும். நியாயமான பதில்தான். சட்டம் சரியாகும்வரை பிளைவுட் துண்டையோ தடித்த பாலிதீனையோ வைத்து மூடிக்கொண்டு காத்திருப்பது, கெட்டுப்போன சட்டத்தில் புதுக் கண்ணாடியை நெருக்கிச் சொருகுவதைவிட மேல். ராத்திரியில் உடைந்தாலும் இதே வழிதான். அவசரத்துக்கு வருகிறவரிடம் ஓட்டையை மூடிக்கொடுக்க மட்டும் சொல்லுங்கள், கண்ணாடியைப் பகலில் நிதானமாகப் பேசலாம்.

"இருந்ததே போடுங்க" என்று சொல்லிவிடுவது

பழைய வீடுகளில் எங்கு பார்த்தாலும் சாதாரணக் கண்ணாடிதான் இருக்கும். உடைந்தால் நீள நீளமான கூரிய துண்டுகளாக விழும். கதவிலும், கதவை ஒட்டிய பக்கப் பலகத்திலும், தரைக்கு அருகே இறங்கும் ஜன்னலிலும், குளியலறையிலும், மாடிப்படி ஓரத்திலும் பாதுகாப்புக் கண்ணாடிதான் போட வேண்டும் என்று பல நாடுகளின் கட்டட விதிகள் சொல்கின்றன. குழந்தை ஓடிவந்து மோதுகிற உயரம், ஈரத்தரையில் வழுக்கி விழுகிற இடம் என்று யோசித்தால் காரணம் புரியும். எப்படியும் கண்ணாடியைக் கழற்றப்போகிறோம், ரகத்தை மாற்ற இதைவிட நல்ல நேரம் கிடையாது.

பாதுகாப்புக் கண்ணாடி என்றால் இரண்டு. டஃபன்ட் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிரவைப்பார்கள். அதே தடிமனுள்ள சாதாரணக் கண்ணாடியைவிட அது ஏறக்குறைய 4 மடங்கு தாங்கும், உடைந்தால் சின்னச் சின்ன மழுங்கிய துண்டுகளாக உதிரும். லேமினேட்டட் என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. விரிசல் விட்டாலும் விழாமல் நிற்கும். மாடி ஜன்னலிலிருந்து கீழே யார் தலையிலும் கொட்டக்கூடாது, திருடன் ஒரே அடியில் கையை உள்ளே விடக்கூடாது என்றால் நான் லேமினேட்டட் பக்கம்தான் சாய்வேன்.

டஃபன்ட் வாங்கும்போது ஏமாறுவது எளிது, கண்டுபிடிப்பதும் எளிது. டஃபன்ட் ஆன பிறகு அதை வெட்டவோ துளைபோடவோ முடியாது, முயன்றால் மொத்தமும் நொறுங்கிவிடும். அளவு எடுத்து, வெட்டி, ஓரம் தேய்த்து, துளை போட்டு, அதற்கப்புறம்தான் உலைக்குள் போகும். ஆகவே ஒருவர் உங்கள் வாசலிலேயே ஒரு தகட்டைக் கிடத்தி, கட்டரால் கோடு இழுத்து, "டக்"கென்று உடைத்து, "இது டஃபன்ட் சார்" என்றால், அது டஃபன்ட் இல்லை. "கொஞ்சம் பெரிசா இருந்தா வந்து தேய்ச்சுக்கலாம்" என்றாலும் அப்படியே. பல டஃபன்ட் கண்ணாடிகளில் ஒரு மூலையில் அழியாத சின்ன முத்திரை இருக்கும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இருந்தால் போட்டுக்கொண்டு, வானத்து வெளிச்சம் படும்படி சாய்வாகப் பாருங்கள். திட்டுத் திட்டாகவோ பட்டை பட்டையாகவோ நிழல்கள் தெரியும். சாதாரணக் கண்ணாடியில் தெரியாது.

தடிமன் கூடினால் நல்லதுதானே என்று மனம்போல ஏற்றுவதும் தவறு. ஒரு சதுர மீட்டருக்கு, தடிமனில் ஒவ்வொரு மி.மீ.க்கும் 2.5 கிலோ. ஒரு மீட்டர் சதுரத்தில் 4 மி.மீ. கண்ணாடி 10 கிலோ, 6 மி.மீ. என்றால் 15 கிலோ. பழைய கீல் அந்த 5 கிலோவைத் தாங்குமா, ஸ்லைடிங் கதவின் சக்கரம் ஓடுமா, காடியில் பீடிங் உட்கார இடம் மிஞ்சுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாயம் கலந்த கண்ணாடியில் இன்னொரு சிக்கல்: தடிமன் கூடக் கூட நிறமும் கருத்துக்கொண்டே போகும், பக்கத்து ஜன்னலோடு சேராது. பூப்போட்ட கண்ணாடி என்றால் உடைந்த துண்டு ஒன்றை மாதிரிக்கு எடுத்து வையுங்கள், டிசைன் எந்தப் பக்கமாக ஓட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அளவை போனில் சொல்வது

அளவு சொன்னவர் யாரோ, தப்புக்குப் பொறுப்பும் அவரே. அதனால் கண்ணாடிக்காரரே வந்து அளக்கட்டும். நாம் அளந்தால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற பகுதியைத்தான் அளப்போம். பீடிங்குக்கும் மக்குக்கும் (புட்டி) அடியில் மறைந்திருப்பதை விட்டுவிடுவோம். காடிக்குக் காடி அளக்க வேண்டும்.

அவர் அளக்கிற விதத்தைப் பார்த்தாலே ஆள் எப்படி என்று தெரியும். பழைய சட்டம் எதுவும் மூலமட்டத்துக்கு நிற்காது. அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து, உயரத்தையும் அதேபோல் அளந்து, இருப்பதில் சின்ன அளவை எடுக்கிறாரா? மூலைக்கு மூலை டேப் பிடித்துக் கோணல் இருக்கிறதா என்று பார்க்கிறாரா? கிடைத்த அளவில் ஒவ்வொரு பக்கமும் சுமார் ஒரு நூல், அதாவது 3 மி.மீ. அளவுக்குக் குறைத்துத்தான் வெட்டச் சொல்ல வேண்டும். கண்ணாடியும் சட்டமும் விரிந்து சுருங்க அந்த இடைவெளி வேண்டும். இறுக்கமாக இருந்தால் ஆடாது என்பது சரி, உடையும். கண்ணாடி நேராகச் சட்டத்தின் மேல் உட்காராமல், கீழே இரண்டு சின்ன ரப்பர் கட்டைகள் மேல் உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

அடி, இன்ச் ஒருவர் வாயிலும் மி.மீ. இன்னொருவர் வாயிலும் இருந்தால் எங்கோ ஒரு இடத்தில் கணக்கு இடறும். ஒரே அலகில், அகலம் முதலில் உயரம் பிறகு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதை அவர் இஷ்டத்துக்கு விடுவது

மாட்டிய கையோடு எல்லா வேலையும் ஒரே மாதிரி அழகாகத்தான் இருக்கும். வித்தியாசம் முதல் மழையில் தெரியும்.

மரச்சட்டத்தில் மக்கு வைப்பது இன்னும் நல்ல முறைதான். சாக் பவுடரையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்த பொருள் அது. காடியைச் சுத்தமாகச் சுரண்டி, வெறும் மரத்துக்கு பிரைமர் அடித்த பிறகே மக்கு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மரம் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ள, மக்கு வறண்டு பாளம் பாளமாகக் கழன்றுவிடும். அவசரக்காரர்கள் முழுங்கிவிடுகிற கட்டம் ஒன்று உண்டு. கண்ணாடியை வைப்பதற்கு முன்பே காடிக்குள் மெல்லிய மக்குப் படுகை போட்டு, அதன் மேல் கண்ணாடியை ஓரங்களில் மட்டும் அழுத்தி உட்காரவைக்க வேண்டும். பிறகுதான் ஆணி, பிறகுதான் வெளிப்பக்கம் சரிவாக இழுக்கும் மக்கு. படுகை இல்லாவிட்டால் வெளிப்பக்கம் எவ்வளவு நேர்த்தியாக இழுத்திருந்தாலும் தண்ணீர் பின்பக்கமாக வழி கண்டுபிடித்துவிடும்.

சிலிகான் என்றால் எந்த சிலிகான் என்று கேளுங்கள். போடும்போது வினிகர் வாடை அடிக்கும் ரகம் காயும்போது அமிலம் விடும். சில உலோகங்களை அரிக்கும், லேமினேட்டட் கண்ணாடியின் ஓரப் படலத்தையும் கெடுக்கக்கூடும். லேமினேட்டடுக்கும், நடுவே இடைவெளி விட்டு ஓரம் சீல் செய்த இரட்டைக் கண்ணாடிக்கும் அமிலம் விடாத நியூட்ரல் ரகம் வேண்டும். பழைய சிலிகான் மேலேயே புதிதை இழுத்துவிட்டுப் போவதை அனுமதிக்காதீர்கள், அது பிடிக்காது. மேல் தோல் சீக்கிரம் காய்ந்துவிடும், உள்ளே இறுக ஒரு நாளாவது ஆகும். அதுவரை கதவை அடித்துச் சாத்தக்கூடாது, தண்ணீர் ஊற்றிச் சோதிக்கவும் கூடாது.

இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் இரண்டுக்கும் நடுவே பனி படர்ந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம், துடைத்துத் தீராது. அதற்காக ஜன்னலையே மாற்றச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சட்டம் நன்றாக இருந்தால் கண்ணாடி யூனிட்டை மட்டும் மாற்றலாம்.

தொகையை மட்டும் பேசி முடிப்பது

இரண்டு பேரிடம் விலை கேட்டால், இருவரும் ஒரே பொருளுக்குத்தான் சொல்கிறார்களா என்று பாருங்கள். சிலர் அளவை அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிக் கணக்குப் போடுவார்கள், சிலருக்குக் குறைந்தபட்சக் கூலி இருக்கும். தவறில்லை, முன்பே தெரிந்தால் போதும். வண்டி வாடகை, பழைய கண்ணாடியைப் பெயர்ப்பது, மக்கோ சிலிகானோ, துண்டுகளை அள்ளிக்கொண்டு போவது, மாடியில் வெளியே நின்று வேலை பார்க்க வேண்டியிருந்தால் சாரம் இவையெல்லாம் தொகைக்குள் வருகிறதா என்று கேளுங்கள். கழற்றும்போது பக்கத்துப் பலகம் உடைந்தால் யார் பொறுப்பு என்பது கேட்கச் சங்கடமான கேள்விதான், ஆனாலும் கேளுங்கள். டஃபன்டுக்கு முன்பணம் கேட்டால் கொடுப்பதுதான் நியாயம், உங்கள் அளவுக்கு வெட்டியதை அவர் வேறு யாருக்கும் விற்க முடியாது. முழுப் பணமும் முன்னதாக வேண்டும் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். பில்லில் "ஜன்னல் கண்ணாடி - 1" என்று இருந்தால் போதாது. வகை, மி.மீ., அளவு மூன்றும் இருக்கட்டும். காப்பீடு இருந்தால், உடைந்த நிலையில் படம் எடுத்த பிறகே எதையும் அகற்றுங்கள்.

கண்ணாடி வந்ததும், மாட்டுவதற்கு முன் ஓரங்களைப் பாருங்கள். சில்லு பெயர்ந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள், விரிசல் பின்னால் அங்கிருந்துதான் கிளம்பும். மாட்டிய பிறகு பகல் வெளிச்சத்தில் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று கீறல் தெரிகிறதா என்று பாருங்கள். மூக்கை ஒட்டி வைத்துத் தேடினால் எந்தக் கண்ணாடியிலும் ஏதாவது தெரியும். மேலே ஒட்டிய சிலிகான் பிசிறை பிளேடால் வழிக்கவிடாதீர்கள், டஃபன்டில் கீறல் விழ வாய்ப்பு அதிகம்.

பழைய துண்டுகளை அவர் எடுத்துப் போகவில்லையென்றால், தடித்த அட்டையில் சுற்றி, டேப் ஒட்டி, மேலே "கண்ணாடி" என்று எழுதிப் போடுங்கள், குப்பை அள்ளுகிறவர் கைக்கு அது தெரிய வேண்டும். பாட்டில்களோடு சேர்க்காதீர்கள். ஜன்னல் கண்ணாடியின் கலவை வேறு, பாட்டில் மறுசுழற்சிக்குப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மக்கு வைத்த ஜன்னலுக்கு அடுத்த நாளே பெயிண்ட் அடிக்காதீர்கள். தோல் கட்டி இறுக ஒரு வாரத்திலிருந்து சில வாரங்கள் வரை ஆகும். அதற்காக மாதக்கணக்கில் அடிக்காமலும் விட்டுவிடாதீர்கள், வறண்டு வெடிக்கும். அடிக்கும்போது பெயிண்ட் மக்கோடு நின்றுவிடாமல் கண்ணாடி மேல் ஒரு 2 மி.மீ. ஏறி நிற்கட்டும். மக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே தண்ணீர் இறங்காமல் தடுப்பது அந்த மெல்லிய கோடுதான். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று சிலர் பிளேடு வைத்துச் சுரண்டிவிடுவார்கள், விட்டுவிடச் சொல்லுங்கள்.