வீட்டு வாத்தியக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பகலில் ஏதோ ஒரு வேலை பார்த்துவிட்டு, மாலையில் புல்லாங்குழலையோ ஆர்மோனியத்தையோ கிதாரையோ கையில் எடுப்பவர்கள் நம் ஊர்களில் ஏராளம். இவர்களுக்கு சபா கச்சேரி கிடையாது, சன்மானம் கிடையாது. ஆனால் நவராத்திரிக் கொலு, மார்கழி பஜனை, கல்யாண வீட்டு நலங்கு, மொட்டை மாடி ஜமா எல்லாம் இவர்களை நம்பித்தான் நடக்கின்றன. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். இப்படி வாசிப்பவர்களோடு பல ஆண்டுகள் உட்கார்ந்ததில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட தவறுகளை எழுதுகிறேன். விரல் திறமைக் குறைவால் வருபவை இவற்றில் சிலவே. பெரும்பாலானவை, கச்சேரி வித்வானுக்கு உரிய அளவுகோலை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவருவதால் வருபவை. வித்வான் வாசித்தால் நாலு பேர் கேட்க வேண்டும். நாம் வாசித்தால் நாலு பேர் கூடப் பாட வேண்டும்.

ரெக்கார்டில் இருக்கும் கட்டையை விடாமல் பிடிப்பது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஒரு சினிமாப் பாட்டைக் கற்றுக்கொள்ளும்போது ஒலிப்பதிவோடு சேர்ந்து வாசித்துப் பழகுகிறோம். அந்தக் கட்டையிலேயே, அதாவது அந்த ஆதார சுருதியிலேயே, விரல் பழகிவிடுகிறது. பிறகு வீட்டில் யாராவது பாட உட்கார்ந்தால், நமக்கு வசதியான கட்டையில் அவர்களைப் பாடச் சொல்கிறோம். பல்லவி எப்படியோ ஓடிவிடும். சரணத்தில் மேல் ஷட்ஜத்தை (மேல் ‘ஸ’வை) தாண்டும் இடத்தில் குரல் உடையும். பாடியவர் “எனக்குப் பாட்டெல்லாம் வராதுப்பா” என்று சொல்லி எழுந்து போய்விடுவார். அவருக்குப் பாட்டு வராமல் இல்லை, கட்டைதான் தவறு.

ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளை எண்ணித்தான் இந்தக் கட்டைக் கணக்கு வந்தது. சி என்பது ஒரு கட்டை, டி இரண்டு, எஃப் நான்கு, ஜி ஐந்து. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை என்று போகும். ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள் பாடுகிறார்கள். பெண்களுக்கு நாலரை முதல் ஆறு வரை பொருந்தும். ஆகவே ஆண் குரலில் பதிவான பாட்டை அக்காவோ சித்தியோ பாட வந்தால், அரைக் கட்டை ஏற்றி இறக்கிப் பயனில்லை. ஒன்றிலிருந்து ஐந்துக்குப் போக வேண்டியிருக்கும்.

பாட்டின் மிக உயரமான வரியை முதலில் பாடச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது சரணத்தின் நடுவில் இருக்கும். அந்த வரி கழுத்து நரம்பு புடைக்காமல் வரும் கட்டையைப் பிடித்துக்கொண்டு, பிறகு பல்லவிக்கு வாருங்கள். கிதார் வாசிப்பவருக்கு, தந்திகளை அழுத்திப் பிடித்துச் சுருதியை ஏற்றும் கேப்போ இருக்கிறது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது (வாசித்து முடித்ததும் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறக்கக் கூடாது). புல்லாங்குழல்காரருக்குக் குழலையே மாற்றுவதுதான் வழி. ஐந்து கட்டைக் குழல் ஒன்றும், இரண்டு அல்லது இரண்டரைக் கட்டைக் குழல் ஒன்றும் பையில் இருந்தால் வீட்டு நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றைச் சமாளித்துவிடலாம்.

சுருதியை ஒரே ஒருமுறை சேர்த்துவிட்டு மறந்துவிடுவது

குழலின் சுருதி, அதனுள் இருக்கும் காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது. காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும், சுருதி ஏறும். பத்து டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால், கறுப்பையும் சேர்த்து எண்ணினால் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள அரை ஸ்வர இடைவெளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை நகர்ந்துவிடும். வெயிலில் வந்து குளிரூட்டிய மண்டபத்தில் உட்கார்ந்ததும் வாசித்தால் அபஸ்வரமாகக் கேட்பது இதனால்தான். ஐந்து நிமிடம் மெதுவாக ஊதிக் குழலைச் சூடாக்கி, அதன் பிறகு சேர்த்துப் பாருங்கள். வயலின், வீணை, கிதார் தந்திகளுக்குக் கதை தலைகீழ். சூட்டில் தந்தி தளர்ந்து சுருதி இறங்கும். குழலும் வயலினும் சேர்ந்து வாசிக்கும் கூடத்தில் வெப்பம் மாறினால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகரும். இரண்டு பாட்டுக்கு ஒருமுறையாவது நிறுத்திச் சேர்த்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

தம்புரா செயலியைக் கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் ஓடவிடுவது இன்னொரு தவறு. மந்தர ஷட்ஜம் (கீழ் ‘ஸ’) அதில் எழும்பவே எழும்பாது. மேல் ஸ்வரங்களின் கீச்சுதான் கேட்கும், அதைப் பிடித்துக்கொண்டு பாடுபவர் தடுமாறுவார். ஒரு சிறிய வெளி ஒலிபெருக்கி இணைத்தாலே போதும்.

தினமும் முதலிலிருந்து கடைசி வரை வாசிப்பது

பிடித்த பாட்டை ஆசையாக முழுவதும் வாசிப்போம், தடுக்கும் இடத்தில் தடுக்கிவிட்டு மேலே போவோம். இப்படிப் பல மாதம் வாசித்தால் தடுக்குவதும் சேர்ந்தே பாடமாகிவிடும். ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்தில் (வேகத்தில்) சொல்லிக்கொடுக்கும் முறையில் இதற்கு மருந்து இருக்கிறது: முதல் காலம் கையில் நிற்காமல் இரண்டாம் காலம் கிடையாது. சினிமாப் பாட்டுக்கும் அதே விதிதான். தடுக்கும் நாலு அட்சரத்தை (தாள எண்ணிக்கையை) மட்டும் எடுத்து, பாதி வேகத்தில், தாளம் போட்டுக்கொண்டு வாசியுங்கள். இணையக் காணொளிகளில் வேகத்தை 0.75 அல்லது 0.5 ஆக்கினாலும் சுருதி மாறாது என்பது நம் தலைமுறைக்குக் கிடைத்த வசதி.

வலியோடு வாசிப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோளிலோ மணிக்கட்டிலோ வலி வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். எழுபது வயதிலும் வாசிக்க வேண்டும் என்று ஆசை இருப்பவர் இந்த விஷயத்தில் பிடிவாதம் பிடிக்கக் கூடாது.

கோஷ்டியில் தனி ஆவர்த்தனம்

தை மாதத்தில் தியாகராஜ ஆராதனை அன்று திருவையாற்றிலும், மற்ற எத்தனையோ ஊர்களிலும் பஞ்சரத்ன கிருதிகளைக் கூடிப் பாடுகிறார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து ராகங்களில் அமைந்த ஐந்து கிருதிகளும் ஆதி தாளம்தான். ஆனாலும் பாடாந்தரம் (பாடும் முறை) குருவுக்குக் குரு மாறும், ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிகளும் மாறும். கோஷ்டியில் தம் குருவின் பாடத்தைத்தான் பாடுவேன் என்று ஒருவர் நின்றால் பக்கத்தில் நாலு பேர் குழம்புவார்கள். முன்வரிசையில் நடத்துபவரின் பாடம் எதுவோ அதுவே அன்றைக்கு எல்லோருக்கும். தெரியாத சங்கதி வந்தால் வாத்தியத்தின் ஒலியைத் தணித்து அடிப்படை வரியை மட்டும் வாசித்தால் போதும். மார்கழி வீதி பஜனைக்கும் இது பொருந்தும். மயிலாப்பூர் மாட வீதிகளில் பாபநாசம் சிவன் நடத்திய பஜனையின் சிறப்பே, வழியில் நிற்பவரும் சேர்ந்துகொள்ளும்படி இருந்ததுதான். எனக்குத் தெரிந்த நல்ல பஜனைகளில் ஆர்மோனியக்காரர் தாம் வாசிக்கத் தெரிந்ததில் பாதியைத்தான் வாசிப்பார்.

தூரத்தில் இருப்பவரோடு சேர்ந்து வாசிக்க முயல்வது

மகள் டொராண்டோவில், தம்பி சிங்கப்பூரில். காணொளி அழைப்பில் சேர்ந்து பாடலாம் என்று உட்கார்ந்தால் இரண்டு வரியில் தாளம் சிதறிவிடும். யார் மீதும் தப்பில்லை. சுமார் முப்பது மில்லி நொடிக்கு (ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் முப்பது பங்குக்கு) மேல் தாமதம் வந்தாலே சேர்ந்து வாசிப்பது சிரமமாகிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்பவரோடு வாசிப்பதற்குச் சமம் அது. கண்டம் தாண்டிய அழைப்பில் தாமதம் அதைப்போல் பல மடங்கு. ப்ளூடூத் காதொலிப்பான் மாட்டினால் இன்னும் கூடும். ஒருவர் பாடி முடித்த பிறகு மற்றவர் பாடலாம். அல்லது ஒருவர் சுருதியும் தாளமும் வைத்துப் பதிவு செய்து அனுப்ப, மற்றவர் அதன் மேல் பாடி அனுப்பலாம்.

இந்த அழைப்புச் செயலிகள் தம்புராவின் தொடர்ந்த ஒலியை மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி வெட்டிவிடுகின்றன. குழலில் ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வை நடுவில் விழுங்கப்படுவதும் இதனால்தான். ஜூமில் இசைக்கலைஞர்களுக்கென்று அசல் ஒலியை அப்படியே அனுப்பும் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும்.

உரிமை பற்றி நினைக்காமல் இணையத்தில் ஏற்றுவது

கட்டணம் வாங்காத சபையில் தொழில்முறை சாராத குழு பாடுவதற்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில் இடம் கொடுக்கிறது. மதச் சடங்குக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் அதே பிரிவில் விலக்கு உண்டு. இணையத்தில் ஏற்றுவது வேறு விஷயம். கரோக்கி இசை யாரோ ஒரு நிறுவனத்தின் சொத்து. அதன் மேல் பாடிய காணொளியை முடக்கினாலோ, விளம்பர வருமானத்தை அவர்கள் எடுத்துக்கொண்டாலோ ஆச்சரியப்பட வேண்டாம். சங்கீத மும்மூர்த்திகளான தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகியோரின் கிருதிகள் எல்லோருக்கும் பொது. பாரதியார் பாடல்களின் உரிமையை அரசு 1949இல் நாட்டுடைமை ஆக்கியது. ஆனால் பாரதியார் வரிகளுக்குப் பிற்காலத்தில் ஒருவர் போட்ட மெட்டு அவருடையது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இசையமைப்பாளர் மறைந்து 60 ஆண்டு வரை அந்த உரிமை தொடரும்.

வீட்டுப் பாட்டை வீட்டிலேயே தொலைப்பது

என்னை மிகவும் வருத்தும் தவறு இது. எல்லோருக்கும் தெரிந்த நூறு சினிமாப் பாட்டை வாசிக்கப் பழகுகிறோம். பாட்டி பாடிய ஊஞ்சல் பாட்டு, நலங்குப் பாட்டு, கும்மி, தாலாட்டு எதையும் எடுத்துவைப்பதில்லை. சினிமாப் பாட்டுக்கு ஒலிப்பதிவு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கலாம். இவற்றுக்குப் பாட்டியின் குரல் ஒன்றே பதிவு.

பதிவு செய்யும்போது ஆர்மோனியத்தை எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்காராதீர்கள். வாத்தியத்தைக் கண்டால் அவர்கள் கச்சேரி பாணிக்கு மாறிவிடுவார்கள், அல்லது கூச்சப்பட்டு நிறுத்திவிடுவார்கள். காய் நறுக்கும்போதோ பூ கட்டும்போதோ கைபேசியைப் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்டுவிட்டு, அவர்கள் போக்கில் பாடவிடுங்கள். நடுவில் வரி மறந்தால் எடுத்துக்கொடுக்காதீர்கள். அவர்களே தேடிப் பிடிக்கும்போது நமக்குத் தெரியாத இன்னொரு சரணம் வந்து சேரும். ராகம் பிசகுகிறது என்று திருத்துவதும் கூடாது. அது பிசகா, அந்த ஊர் மெட்டா என்று அந்த நிமிடத்தில் நமக்குத் தெரியாது.

அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவிட வேண்டும்: முதல் வரி, பாடியவர் பெயர், அவர் யாரிடம் கற்றார், எந்த ஊர், எந்தச் சடங்கில் எந்த நேரத்தில் பாடுவது, எத்தனை கட்டையில் பாடினார். தாளம் தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒலிக்கோப்புக்கும் அதே முதல் வரியைப் பெயராக வைத்து, குடும்பத்தில் குறைந்தது இன்னும் இரண்டு பேரிடம் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள். பிறகு அடுத்த நலங்குக்கு முன்னால், பாட்டியின் கட்டையிலேயே அந்த மெட்டை வாசித்துப் பழகி, வீட்டுச் சிறுசுகளுக்கு இரண்டிரண்டு வரியாகச் சொல்லிக்கொடுங்கள்.