ஃபிக்மாவில் ரெண்டு பேர் சேர்ந்து வேலை செய்தால், செய்தது தொலையாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

ஏற்காட்டில் மே மாதம் மதியத்துக்கு மேல் மேகம் கட்டினால் கரண்ட் போகும், கரண்ட் போனால் ரவுட்டரும் அணைந்துவிடும். போன கோடையில் அப்படி ஒரு மழை நாளில்தான் எங்கள் காப்பித்தூள் பாக்கெட்டின் பின்பக்க வாசகம் முழுவதையும் இழந்தேன். இரண்டு மணி நேர வேலை. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்ததில் ஆரம்பித்து, எங்கள் தோட்டத்து அரபிகாவைக் களத்தில் எப்படிக் காயவைக்கிறோம் என்பது வரை எட்டு வரிக்குள் அடக்கி வைத்திருந்தேன். மறுபடி உட்கார்ந்து எழுதியபோது அந்த எட்டு வரி வரவே இல்லை. உங்களுக்கும் அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஏற்பாடு இதுதான். நான் மலையில் இருந்து ஃபிக்மாவில் (ஒரே ஃபைலில் பலர் இன்டர்நெட் வழியாகச் சேர்ந்து டிசைன் செய்யும் மென்பொருள்) லேபிள் வரைகிறேன். கீழே செவ்வாய்ப்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கும் சித்தப்பா மகன் அதே ஃபைலைத் திறந்து அளவு, கட்டிங் மார்க் எல்லாம் பார்க்கிறான். கணக்குத் தொடங்குவது, ஃபைலைப் பகிர்வது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

படி 1: எங்கே சேவ் ஆகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஃபிக்மாவில் நாம் செய்கிற ஒவ்வொரு மாற்றமும் உடனுக்குடன் தானாகவே சர்வருக்குப் போய்விடும், ஆனால் இன்டர்நெட் லைன் இருந்தால்தான். லைன் போனாலும் திறந்திருக்கும் ஃபைலில் தொடர்ந்து வேலை செய்யலாம். அப்போது செய்கிற மாற்றங்கள் உங்கள் கணினியில், அந்த பிரவுசருக்குள் மட்டும் காத்திருக்கும். லைன் வந்ததும் மேலே ஏறும்.

நான் சறுக்கியது இங்கேதான். தோட்டத்துக்கு ஒரு ஜிமெயில், எனக்கு ஒரு ஜிமெயில் என்று இருப்பதால், மாறி மாறி உள்ளே போகும் தொல்லை வேண்டாம் என்று இன்காக்னிட்டோ விண்டோவில் (மூடியதும் பிரவுசர் எதையும் நினைவில் வைக்காத தனி விண்டோ) ஃபைலைத் திறந்திருந்தேன். கரண்ட் போனது, லேப்டாப்பில் சார்ஜ் இருந்ததால் தொடர்ந்து எழுதினேன். முடித்ததும் விண்டோவை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். இன்காக்னிட்டோவை மூடினால் அதற்குள் காத்திருந்த எல்லாமே அழிந்துவிடும். காலையில் தம்பி போன் செய்து "அக்கா, இங்க பழைய வாசகம்தானே இருக்குது" என்றபோதுதான் விஷயமே புரிந்தது.

அதனால் லைன் இல்லாதபோது இவற்றைச் செய்யவே செய்யாதீர்கள்: இன்காக்னிட்டோவில் வேலை செய்வது, பிரவுசர் டேட்டாவைக் கிளியர் செய்வது, வேறு கணினிக்கோ வேறு பிரவுசருக்கோ போய் அங்கே மாற்றம் தெரியவில்லையே என்று தேடுவது. காத்திருக்கும் மாற்றம் எந்த பிரவுசரில் செய்தீர்களோ அதில் மட்டும்தான் இருக்கும். லைன் வந்த பிறகும் ஃபைலை உடனே மூட வேண்டாம், எல்லாம் மேலே ஏறி முடியும் வரை திறந்தே இருக்கட்டும். நான் இப்போது கூட்டாளிக்கு போன் செய்து "உனக்குத் தெரியுதா?" என்று கேட்டு, அவன் "ம், வந்துருச்சு" என்று சொன்ன பிறகுதான் மூடுகிறேன். இதைவிட நம்பகமான சோதனை எதுவும் எனக்குத் தெரியாது.

என் கருத்து: பிரவுசரை விட ஃபிக்மாவின் டெஸ்க்டாப் ஆப் நல்லது. வீட்டில் வேறு யாராவது பிரவுசர் ஹிஸ்டரியை அழித்தாலும் அது பாதிக்காது. இன்னொன்று, ரவுட்டருக்கு என்றே விற்கும் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். மலையில் இருப்பவர்களுக்கு இது கட்டாயம் என்பேன்.

படி 2: ஒரே எழுத்துப் பெட்டியில் இரண்டு பேர் கை வைக்க வேண்டாம்

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. லைன் இல்லாமல் நீங்கள் செய்த மாற்றங்கள், லைன் வந்ததும் அப்போதைய ஃபைலின் மேல் போய் உட்காரும். ஒரே இடத்தை இருவரும் மாற்றியிருந்தால், கடைசியாக சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததுதான் நிற்கும்.

250 கிராம் பாக்கெட்டின் விலையைத் தம்பி 180இல் இருந்து 195 ஆக்கியிருந்தான். அதே பெட்டியில்தான் எடை, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் எல்லாம் இருந்தன. நான் லைன் இல்லாதபோது அந்தப் பெட்டியில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினேன். லைன் வந்ததும் என் பெட்டி மேலே ஏறி, விலை மறுபடி 180 ஆகிவிட்டது. நல்லவேளை, அச்சுக்குப் பிளேட் போடும் முன் பார்த்துவிட்டோம். அன்றிலிருந்து விலைக்கு ஒரு பெட்டி, எடைக்கு ஒரு பெட்டி, 14 இலக்க உரிம எண்ணுக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாக வைத்திருக்கிறோம். வாசகம் என் பக்கம், அளவும் விலையும் அவன் பக்கம்.

படி 3: பெயர் வைத்து ஒரு வெர்ஷன்

தானாக சேவ் ஆகிறதே, அப்புறம் இது எதற்கு என்று கேட்கலாம். தானாக சேவ் ஆவது தப்பையும் சேர்த்தேதான் சேவ் செய்யும். யாராவது தெரியாமல் ஒரு பக்கத்தை அழித்தால் அந்த அழிப்பும் சேவ் ஆகிவிடும். அதனால் ஃபைல் நன்றாக இருக்கும்போதே அந்த நிலையை ஒரு வெர்ஷனாகப் பெயர் வைத்து எடுத்து வைக்க வேண்டும்.

கன்ட்ரோல் + ஆல்ட் + எஸ் அழுத்துங்கள் (மேக் என்றால் கமாண்ட் + ஆப்ஷன் + எஸ்). ஒரு பெட்டி திறக்கும், அதில் பெயர் எழுதிச் சேமியுங்கள். "ஃபைனல்", "ஃபைனல் 2" என்று வைத்தால் ஒரு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. நான் "மே 12, விலை மாற்றும் முன்" என்று எழுதுவேன். ஃபிக்மாவே அவ்வப்போது தானாக வெர்ஷன் எடுத்து வைக்கும், ஆனால் அந்தப் பட்டியலில் வெறும் தேதியும் நேரமும் இருக்கும், தேடி எடுப்பதற்குள் அலுத்துவிடும். இலவசக் கணக்கில் கடந்த 30 நாள் வரைதான் பின்னால் போக முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 4: பழையதை எடுக்கும்போது அவசரப்பட வேண்டாம்

இந்த வெர்ஷன்கள் எல்லாம் வரிசையாக இருக்கும் வெர்ஷன் ஹிஸ்டரியில் பழைய ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ரீஸ்டோர், டூப்ளிகேட் என்று இரண்டும் இருக்கும். ரீஸ்டோர் கொடுத்தால் மொத்த ஃபைலும் அந்த நேரத்துக்குத் திரும்பிவிடும், இடையில் கூட்டாளி செய்த நல்ல வேலையும் கண்ணில் இருந்து மறையும். அது ஹிஸ்டரியில்தான் இருக்கும், அழியாது. ஆனாலும் அந்த நிமிடம் அவன் வேலை செய்துகொண்டிருந்தால் பதறிப்போவான். டூப்ளிகேட் கொடுங்கள், தனி ஃபைலாகத் திறக்கும். வேண்டியதை மட்டும் காப்பி செய்து கொண்டுவந்து ஒட்டிக்கொள்ளலாம்.

படி 5: வாரம் ஒரு முறை கையில் ஒரு பிரதி

ஃபைல் மெனுவில் சேவ் லோக்கல் காப்பி. பென் டிரைவில் போட்டு வையுங்கள். இதில் கமெண்ட்டுகளும் வெர்ஷன் ஹிஸ்டரியும் வராது.

பிறகு சேர்த்தது: வெர்ஷன் ஹிஸ்டரியே தெரியவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். உங்களுக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுத்திருப்பார்கள். ஃபைலுக்குச் சொந்தக்காரரிடம் எடிட் அனுமதி கேளுங்கள்.

இன்னொன்று: அம்மாப்பேட்டையில் ஃபிளக்ஸ் வேலை செய்யும் ஒருவர், நாங்கள் எல்லாம் கோரல்டிராதான் (டிசைன் வரையும் இன்னொரு மென்பொருள்), ஃபைலைக் கடை நெட்வொர்க்கில் ஒரு ஃபோல்டரில் போட்டு மாற்றி மாற்றித் திறக்கிறோம், எங்களுக்கு என்ன வழி என்று கேட்டார். ஃபிக்மா மாதிரி ரெண்டு பேர் ஒரே நேரத்தில் அந்த ஃபைலில் வேலை செய்ய வேண்டாம், பின்னால் சேவ் செய்பவர் முன்னவரின் வேலையை அழித்துவிடுவார். திறக்கும் முன் குரல் கொடுத்துவிட்டுத் திறங்கள். ஆப்ஷன்ஸில் ஆட்டோ பேக்கப் 20 நிமிடம் என்று இருக்கும், அதை 5 ஆக்குங்கள். கரண்ட் போய் வந்து கோரலைத் திறக்கும்போது பழையதை மீட்கட்டுமா என்று கேட்கும். அங்கே கேன்சல் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் கோரலை மூடும்போது அந்த பேக்கப்பையும் அது அழித்துவிடும். ஓகே கொடுத்துத் திறந்து, உடனே வேறு பெயரில் சேவ் செய்துகொள்ளுங்கள்.