புயலைப் பார்த்தவரிடம் எப்படிக் கேட்பது

1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது பத்து வயதாக இருந்தவர் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால் அடுத்த லீவு வரைக்கும் தள்ளிப்போடாதீர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்காருங்கள்.

"புயலைப் பத்திச் சொல்லுங்க தாத்தா" என்று ஆரம்பிக்கவே கூடாது. ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதைதான் வரும். வீடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது, கூரை ஓலையா ஓடா, அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். பாம்பனில் ஒரு பெரியவரிடம் ஒரு மணி நேரம் புயலையே கேட்டு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கமா என்று கேட்டதும் எழுந்து நின்று, இரண்டு கையாலும் கதவைத் தள்ளிப் பிடிக்கிற மாதிரி நின்றுகாட்டினார், அப்புறம் குனிந்து தொடையில் கையை வைத்து "தண்ணி இதுவரைக்கும், தங்கச்சிக்குக் கழுத்து" என்றார். அந்த இடத்தில் பேசாமல் இருக்கத் தெரிய வேண்டும். கொஞ்சம் பொறுத்து, "தொடை வரைக்குமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள், ஏனென்றால் கை காட்டியது போனில் பதிவாகாது.

போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மடித்த துண்டின் மேல் அவர் பக்கத்தில் வையுங்கள். அது போதும்.

அடுத்தது ரொம்ப முக்கியம். ஒவ்வொரு சம்பவத்துக்கும் "நீங்க கண்ணால பார்த்தீங்களா, யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டே ஆக வேண்டும், கோபித்துக்கொண்டாலும் சரி. "போட் மெயிலைக் கடல் அடிச்சுட்டுப் போயிடுச்சு" என்று நிறைய பேர் சொல்வார்கள். அன்று போனது பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர், 653ஆம் எண் வண்டி, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வந்து அங்கிருந்து கப்பலில் இலங்கையின் தலைமன்னாருக்குப் போக அப்போது இருந்த ரயில்தான் போட் மெயில், அதே வழி என்பதால் அந்தப் பெயர்தான் எல்லார் வாயிலும் நின்றுவிட்டது போலிருக்கிறது. அவரைத் திருத்தாதீர்கள், தனியாகக் குறித்துவைத்துக்கொண்டு அப்புறம் அந்த வாரத்துப் பழைய பேப்பரோடு ஒத்துப் பாருங்கள்.

தேதி கேட்டால் தடுமாறுவார். அதற்குப் பதிலாக, "பாலம் சரியாகி ரயில் வந்தப்ப எங்க இருந்தீங்க?" என்று கேளுங்கள். ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில், புயலில் உடைந்த பாம்பன் ரயில் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள், ஆகவே இந்த ஒரு கேள்வியிலேயே அந்த ஒன்றரை மாதம் எங்கே தங்கினார்கள், யார் சோறு போட்டார்கள், யாரைத் தேடி அலைந்தார்கள் என்பதெல்லாம் வெளியே வரும்.

அன்று ராத்திரியே எழுதிவிடுங்கள். அவர் "தண்ணி" என்றால் தண்ணிதான், "நீர்" என்று மாற்றாதீர்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் போய் அவருக்கே படித்துக்காட்டுங்கள், முதல் நாள் சொல்லாமல் விட்டதை அப்போது சொல்வார், போனை மறக்காமல் ஆன் செய்து வையுங்கள்.