புஸ்வாணம் ஆகாமல் சுடுவது: சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு முதல் பாடம்

சீர்காழிக்குக் கிழக்கே எங்கள் பக்கத்தில், பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி ஒன்றிரண்டு வீடுகளில் இன்னும் உண்டு. எல்லாம் குழல் வாய்வழியே மருந்து போட்டுக் கெட்டிப்பவை, பெரும்பாலும் கேப், அதாவது தட்டினால் பொறி கிளப்பும் சின்ன உலோக மூடி, வைத்துச் சுடுபவை. பெரியப்பாவுடையது அதற்கும் முந்திய ரகம். கேப் கிடையாது, குதிரை என்கிற சுத்தியலின் வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல் இருக்கும். வயதாகிவிட்டது என்று முறைப்படி என் பேருக்கு மாற்றிக் கொடுத்தார். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கிற வேலையும் கூடவே வந்து சேர்ந்தது.

முதலிலேயே ஒன்று. 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் இதைத் தொடக்கூடாது. பரணில் தாத்தா காலத்துத் துப்பாக்கி கிடக்கிறது, துடைத்து மருந்து போட்டுப் பார்க்கலாம் என்ற ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். துரு உள்ளே எங்கே அரித்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. லைசென்ஸ் இருந்தாலும், துப்பாக்கி ரிப்பேர் செய்பவரிடம் குழலைக் காட்டி, எவ்வளவு மருந்து தாங்கும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

இது வெடிக்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. விசையை இழுத்ததும் குதிரை விழும். கல், எதிரே நிற்கும் எஃகுத் தகட்டை உரசும். பொறி கீழே உள்ள சின்னக் கிண்ணத்தில் விழுந்து அங்கிருக்கும் மருந்து பற்றும். அந்த நெருப்பு பற்றுவாய் என்ற ஊசித்துளை வழியாக உள்ளே போய்ப் பெரிய மருந்தைக் கொளுத்தும். கோயிலில் அதிர்வேட்டு போடுபவர் திரியில் நெருப்பை வைத்ததும் எட்டப் போய்விடுவார். நமக்கு அந்த வசதி இல்லை. கண்ணுக்கு அரை முழ தூரத்தில் புகையும் நெருப்பும் கிளம்பும்போது கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமல் இருக்க வேண்டும். எல்லோரும் தவறுவது அங்கேதான்.

அதனால் முதல் இரண்டு நாள் மருந்தே வேண்டாம். குழல் காலியா என்று கம்பி விட்டுப் பாருங்கள். கல்லைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு மரத்துண்டு வையுங்கள். இல்லாவிட்டால் கல்லும் தகடும் வீணாகத் தேயும். குழலின் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து விசையை இழுங்கள். காசு விழக்கூடாது. என் காசு முதல் நாள் முழுக்கத் தரையில்தான் கிடந்தது.

அப்புறம் கல்லை மாட்டுங்கள். வெறும் கல்லை இறுக்கினால் நழுவும், தோல் சுற்ற வேண்டும். பெரியப்பா மிருதங்க வேலைக்காரர் ஒருவரிடம் வாங்கி வைத்திருந்த வெட்டுத்தோலைத்தான் தந்தார். இப்போது குழலைக் காலியாகவே வைத்து, கிண்ணத்தில் மட்டும் ஒரு சிட்டிகை மருந்து போட்டுச் சுடுங்கள். புஸ்ஸென்று ஒரு மின்னல், அவ்வளவுதான். கண் இமைக்காத வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கண்ணாடி கட்டாயம். பற்றுவாய் வழியாகப் பக்கவாட்டில் நெருப்பு பீறிடும் என்பதால் வலது பக்கம் யாரும் நிற்கக்கூடாது.

சரி, கெட்டிக்கலாம். கரிமருந்து லைசென்ஸ் உள்ள கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும். தீபாவளி வெடியைப் பிரித்து எடுக்கிற மருந்தில் அலுமினியப் பொடி இருக்கும். அது குழலைப் பிளந்துவிடும். குதிரையைப் பாதி ஏற்றத்தில், அதாவது விசையை இழுத்தாலும் விழாத நிலையில் நிறுத்தி, கிண்ணத்தைக் காலியாக வையுங்கள். மருந்தைச் சீசாவிலிருந்து நேரே குழலில் கொட்டாதீர்கள். போன வேட்டின் கங்கு உள்ளே இருந்தால் சீசாவே வெடிக்கும். தனியாக ஒரு பித்தளை அளவில் எடுத்து ஊற்றுங்கள். அதன் மேல் குண்டு, பிறகு அடைப்பு. கம்பியை இரண்டு விரலால் பிடித்து, முகத்தையும் மார்பையும் குழல் வாய்க்கு விலக்கி வைத்துக்கொண்டு திணியுங்கள். மருந்துக்கும் குண்டுக்கும் இடையில் துளி இடைவெளி இருக்கக்கூடாது, இருந்தால் குழல் வீங்கிப் பிளக்கும். கம்பியில் மகளின் நகப்பாலிஷால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்: காலிக் குழலுக்கு ஒன்று, கெட்டித்த குழலுக்கு ஒன்று. கண்டிப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடைப்புக்குத் தேங்காய் நார் எங்கள் பக்கத்து வழக்கம். நானும் அதையே போட்டேன். சம்பா அறுத்த தாள் காய்ந்து கிடந்த வயலில், வேட்டு முடிந்த பிறகு நார் மட்டும் புகைந்துகொண்டே போய் விழுந்தது. ஐந்து நிமிடத்தில் ஒரு பாய் அகலத்துக்குத் தாள் எரிந்துவிட்டது. சாக்கை நனைத்து அடித்து அணைத்தோம். பெரியப்பா திட்டவில்லை, "தண்ணி எங்கடா வச்சிருக்க?" என்று மட்டும் கேட்டார். வைத்திருக்கவில்லை. இப்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டு, எங்கள் குளம் வெட்டிய ஆளுயர மண்மேட்டுக்கு எதிரே, ஈரக் கரையில் நின்றுதான் சுடுகிறேன். பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர் இருக்கும்.

கிண்ணத்துக்கு மருந்து கடைசியில், குழல் மேட்டைப் பார்த்திருக்கும்போது. பாதிக் கிண்ணம் போதும். நிறைய வைத்துப் பற்றுவாயை மூடினால், அது திரி மாதிரி மெதுவாக எரிந்து உள்ளே போகும். எஃகுத் தகட்டைக் கிண்ணத்தின் மேல் மூடி, குதிரையை முழுக்க ஏற்றி, இருபத்தைந்து தப்படியில் ஓர் உரச்சாக்கைக் குறிவையுங்கள். விசையை இழுத்தபின் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணும்வரை அசையாதீர்கள்.

குறி தப்பினால் வருந்த வேண்டாம். குழலின் உட்புறம் வழவழப்பு, குண்டோ குழலைவிடச் சின்னது. பிரிட்டிஷ்காரர்களின் பழைய சக்கிமுக்கித் துப்பாக்கியான பிரவுன் பெஸ்ஸில் குழல் சுமார் 0.75 அங்குலம், குண்டு சுமார் 0.69. கரி படிந்த பிறகும் சீக்கிரம் கெட்டிக்க வேண்டும் என்பதற்காகவே அந்தத் தொளதொளப்பு. ஐம்பது கஜத்துக்கு மேல் ஓர் ஆளைக் குறிபார்த்து அடிப்பதே சந்தேகம். 1749-ல் கொள்ளிட முகத்துவாரத்துத் தேவிக்கோட்டையைப் பிடிக்க வந்த கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் கையில் இருந்ததும் சக்கிமுக்கித் துப்பாக்கிதான். தேர்ந்த சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று வேட்டு போடுவானாம். எனக்கு ஒரு வேட்டுக்குப் பத்து நிமிடம் ஆகிறது.

என் முதல் வேட்டு வெடிக்கவே இல்லை. கிண்ணத்தில் மட்டும் புஸ்வாணம். நான் உடனே துப்பாக்கியை இறக்கப் போனேன். "அசையாதே, மேட்டையே பாரு!" என்று பெரியப்பா கத்தினார். சில சமயம் தாமதித்து வெடிக்கும். முழுசாக ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருக்க வேண்டும். பிறகு கோணி ஊசியால் பற்றுவாயைக் குத்தினால் எண்ணெய்ப் பிசுக்கு வந்தது. முந்தின தடவை துடைத்தபோது நான் தாராளமாக விட்ட எண்ணெய். அதிலிருந்து மருந்து போடுவதற்கு முன் காய்ந்த துணியால் குழலையும், ஊசியால் துளையையும் சுத்தம் செய்துவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் சுடவே நினைக்காதீர்கள். ஈரக் காற்றில் கிண்ணத்து மருந்து நமுத்துப்போகும். பங்குனி வெயில்தான் சரி.

சுட்ட அன்றே கழுவியாக வேண்டும். கரிமருந்துக் கசடு ஈரத்தை இழுக்கும், எங்கள் கடல் காற்றில் ஒரே ராத்திரியில் துரு பூத்துவிடும். கொதிக்கிற வெந்நீரைக் குழலில் ஊற்றிக் கம்பியில் துணி சுற்றி இழுங்கள். மை மாதிரிக் கறுப்புத் தண்ணீர் வரும், அழுகிய முட்டை நாற்றத்தோடு. தண்ணீர் தெளிந்ததும் துடைத்து, காயவிட்டு, லேசாக எண்ணெய். மறுநாள் ஒரு வெள்ளைத்துணி விட்டுப் பாருங்கள். பழுப்பு ஒட்டினால் இன்னொரு முறை. இதற்குத் தனித் தவலை வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்த தவலையைப் பெரியம்மா அப்புறம் அடுக்களைக்குள்ளேயே விடவில்லை, இப்போது அது மாட்டுக் கொட்டகையில் இருக்கிறது.