ஸ்கைரிமில் கிடக்கும் புத்தகங்களை எப்படிச் சேர்ப்பது, எப்படிப் படிப்பது

ஸ்கைரிம் என்ற வீடியோ கேமில் பெரும்பாலோர் முதலில் நுழையும் பெரிய கல்லறைக் குகை பிளீக் ஃபால்ஸ் பாரோ. அங்கே சிலந்தி வலையில் சிக்கித் தொங்கும் ஆர்வெல் என்ற திருடனிடம் ஒரு தங்க நகமும் ஒரு சின்ன நாட்குறிப்பும் இருக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் மூன்று வளையங்கள் கொண்ட கதவு வழியை மறிக்கும். வளையங்களைக் கண்டபடி சுற்றிப் பார்த்துவிட்டு யூடியூபில் விடை தேடுபவர்கள் நிறைய. ஆனால் அந்த நாட்குறிப்பைத் திறந்து படித்தாலே போதும், விடை உள்ளங்கையிலேயே இருப்பதாக அதில் எழுதியிருக்கும். இன்வென்டரியில் (உங்கள் பையில் உள்ள பொருட்களின் பட்டியலில்) நகத்தைத் திருப்பிப் பாருங்கள், அதன் உள்ளங்கைப் பக்கத்தில் கரடி, அந்துப்பூச்சி, ஆந்தை என்று மூன்று உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கும். அதே வரிசையில் வளையங்களை வைத்தால் கதவு திறந்துவிடும். இந்த கேமில் காகிதத்தை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு அதுதான் முதல் பாடம், பலரும் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுகிறார்கள்.

2011 நவம்பரில் வெளிவந்த இந்த கேமில் நூற்றுக்கணக்கான புத்தகங்கள் இருக்கின்றன, கடிதங்களும் குறிப்புகளும் தனி. பல புத்தகங்கள் டேகர்ஃபால், மாரோவிண்ட், ஆப்லிவியன் என்று இதே தொடரின் முந்தைய கேம்களிலிருந்தே தொடர்ந்து வருபவை. அத்தனையையும் படிக்கச் சொல்லவில்லை. எதை எடுப்பது, எதை விடுவது, எடுத்ததை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொண்டால் இந்த உலகமே வேறு மாதிரி தெரியும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை விஷயங்கள். புத்தகத்தைத் திறந்ததும் விளையாட்டு அப்படியே நின்றுவிடும், பின்னால் டிராகனே வந்தாலும் சாவகாசமாகப் படிக்கலாம். அடுத்தவர் வீட்டு மேசையில் இருக்கும் புத்தகத்தைத் திறந்து படிப்பது திருட்டு ஆகாது, எடுத்தால்தான் திருட்டு. அதனால் ஊருக்குள் நுழைந்த வீட்டிலெல்லாம் நின்று படித்துவிட்டு, அது இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். மந்திரம் கற்றுத்தரும் ஸ்பெல் டோம்கள் மட்டும் வேறு வகை, படித்த உடனே மறைந்துவிடும். ஏற்கெனவே தெரிந்த மந்திரமாக இருந்தால் அந்தப் புத்தகத்தை விற்றுவிடுங்கள்.

அப்புறம் ஸ்கில் புக். 18 திறன்கள், ஒவ்வொன்றுக்கும் 5 புத்தகங்கள், ஆக மொத்தம் 90. முதல் முறை திறக்கும்போது அந்தத் திறன் ஒரு லெவல் ஏறும். உங்கள் திறன் 20-இல் இருந்தாலும் சரி 95-இல் இருந்தாலும் சரி, ஏறுவது ஒரே ஒரு லெவல்தான், ஆனால் 95-இலிருந்து 96-க்குப் போக நீங்கள் பட வேண்டிய பாடு எத்தனை மடங்கு அதிகம் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் நீங்கள் அதிகம் பயன்படுத்தும் திறனுக்கான புத்தகங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது. இதில் ஒரு சிக்கல் உண்டு. மேசையிலோ தரையிலோ கிடக்கும் புத்தகத்தைத் தொட்டாலே அது திறந்துகொள்ளும், அந்த நொடியே லெவல் ஏறிவிடும். பெட்டிக்குள்ளிருந்தோ வியாபாரியிடமிருந்தோ வாங்கினால் மட்டுமே திறக்காமல் பையில் போட முடியும். வெளியே கிடப்பதைப் பிற்பாடு படிக்க நினைத்தால், தொடாமல் இடத்தை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குறித்து வைப்பது என்றேன் இல்லையா, நிஜமாகவே ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். நான் மூன்று விஷயம்தான் எழுதுவேன்: புத்தகத்தின் பெயர், கிடைத்த இடம், எழுதியவர் யார் பக்கம். இதில் மூன்றாவதுதான் முக்கியம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சேர்த்ததை வைக்க இடம் வேண்டும். ஒரு புத்தகத்தின் எடை பெரும்பாலும் 1 தான், ஆனால் அறுபது எழுபது சேர்ந்தால் கவசத்தையும் சேர்த்து நகரவே முடியாது. கண்ட பெட்டியிலும் பீப்பாயிலும் போட்டு வைக்காதீர்கள், வெளியிடங்களில் உள்ளவை சில நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், நீங்கள் வைத்தது போய்விடும். சொந்த வீடுதான் பாதுகாப்பு. வைட்ரன் நகரில் உள்ள ப்ரீஸ்ஹோம் என்ற வீடு 5000 பொற்காசுக்குக் கிடைக்கிறது, தளவாடங்களுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஹார்த்ஃபயர் விரிவாக்கம் இருந்தால் அதே 5000-க்கு நிலம் வாங்கி நீங்களே வீடு கட்டலாம். கிழக்குப் பக்கத்தில் நூலகம், சமையலறை, ஆயுத அறை என்று மூன்றில் ஒன்றுதான் கட்ட முடியும். யோசிக்காமல் நூலகத்தைத் தேர்ந்தெடுங்கள், சமையலை வேறு எங்கேயும் பார்த்துக்கொள்ளலாம். அலமாரியைத் திறந்து புத்தகத்தை உள்ளே போட்டால் அது தானாகவே நிமிர்ந்து வரிசையில் நிற்கும், அதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

புத்தகம் வாங்க வேண்டுமென்றால், மந்திரம் கற்றுத்தரும் விண்டர்ஹோல்ட் கல்லூரிக்குப் போங்கள். அங்கே ஆர்கேனியம் என்ற நூலகத்தை உராக் க்ரோ-ஷுப் என்கிற ஓர்க் இனத்தவர் கவனித்துக்கொள்கிறார். புத்தகங்களை விற்பார், வாங்குவார், ஆனால் திருட்டுப் புத்தகத்தை அவரிடம் விற்க முடியாது. தொலைந்த நூல்களைத் தேடி வரச் சொல்லியும் அனுப்புவார். கல்லூரிக் கதையில் ஆர்தார்ன் என்பவன் திருடிக்கொண்டு போன மூன்று புத்தகங்களை ஃபெல்க்ளோ கோட்டையிலிருந்து மீட்டுக் கொடுத்தால் பரிசாக ஸ்கில் புக்குகளே கிடைக்கும். சண்டைக்காரக் கதாபாத்திரமாக விளையாடுபவர்கள்கூட இந்த ஒரு மனிதருக்காகக் கல்லூரியில் சேரலாம் என்பது என் கருத்து.

சரி, இப்போது படிப்பதற்கு வருவோம். இந்த உலகத்தில் ஒரு புத்தகமும் கேமைச் செய்தவர்களின் குரலில் பேசுவதில்லை. ஒவ்வொன்றையும் அந்த உலகத்து ஆள் ஒருவர் எழுதியிருக்கிறார், அவருக்கு ஓர் ஊர், ஓர் இனம், ஒரு பகை எல்லாம் உண்டு. மார்கார்த்தின் கரடி என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் கிடைக்கும். உல்ஃப்ரிக் ஸ்டார்ம்கிளோக் மார்கார்த் நகரை மீட்டபோது செய்த கொடுமைகளை அது அடுக்குகிறது. படித்து முடித்ததும் உல்ஃப்ரிக்கின் மேல் கோபம்தான் வரும். முதல் பக்கத்தைப் பாருங்கள், எழுதியவர் பேரரசின் அறிஞர், உல்ஃப்ரிக்கோ பேரரசை எதிர்த்துப் போர் நடத்துகிறவர். அதற்காக எல்லாம் பொய் என்று தள்ளிவிட முடியாது, ஆனால் இது ஒரு தரப்பு வாக்குமூலம் என்று நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

அடுத்தது, பேரரசோடு பெரும் போர் நடத்திய எல்ஃப் ஆட்சியாளர்களான தால்மோரின் தூதரகம் (இங்கே கதையின் ஒரு முடிச்சைச் சொல்லப் போகிறேன், இன்னும் விளையாடாதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள்). முதன்மைக் கதையில் விருந்தாளி வேடத்தில் அந்தத் தூதரகத்துக்குள் போவீர்கள். அங்கே உல்ஃப்ரிக்கைப் பற்றிய ரகசியக் கோப்பு ஒன்று இருக்கிறது, பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விடாமல் அப்போதே எடுங்கள். பெரும் போரில் அவர் தால்மோரிடம் சிறைப்பட்டதும், அவர் கொடுத்த தகவலால்தான் பேரரசின் தலைநகர் விழுந்தது என்று அவரை நம்பவைத்ததும், உண்மையில் நகரம் அதற்கு முன்பே விழுந்துவிட்டதும் அதில் இருக்கின்றன. இன்னும் கீழே, உல்ஃப்ரிக்கின் படையான ஸ்டார்ம்கிளோக்குகள் ஜெயிப்பதும் தங்களுக்கு வேண்டாம், சண்டை நீள்வதே லாபம் என்கிற கணக்கு. இதைப் படித்துவிட்டு மார்கார்த் புத்தகத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள், பிறகு மார்கார்த் சிறைச் சுரங்கத்துக்குள் போக நேர்ந்தால் அங்கே இருப்பவர்களிடமும் பேசுங்கள். உள்நாட்டுப் போரில் எந்தப் பக்கம் சேர்வது என்று இணையத்தில் பத்து வருடத்துக்கு மேலாகச் சண்டை நடக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் அந்த முடிவை எடுக்காதீர்கள்.

எழுதியவர் யார் என்று பார்ப்பது போலவே, புத்தகம் எங்கே கிடக்கிறது என்றும் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்தது வடகடலோரத்தில் நிற்கும் ஃப்ராஸ்ட்ஃப்ளோ கலங்கரை விளக்கம். ஹாப்ட், அவர் மனைவி ரமாதி, பிள்ளைகள் சுதி, மானி என்று ரெட்கார்ட் இனத்து ஒரு குடும்பம் அங்கே குடியிருந்தது. நீங்கள் போகும்போது யாரும் உயிரோடு இல்லை, எழுதி வைத்ததுதான் மிச்சம். ஒரு தாளில் பிள்ளைகளின் ஏக்கம், இன்னொன்றில் கீழறையிலிருந்து வரும் சத்தம், கடைசியில் கீழே குகைக்குள் என்ன நடந்தது என்பது. அவசரமாகக் கீழே இறங்கிவிடாமல் மேலே இருப்பதையெல்லாம் முதலில் படித்துவிடுங்கள். தான் இறந்தால் விளக்கின் தீயிலேயே தன்னை எரிக்க வேண்டும் என்பது ஹாப்டின் ஆசை. குகையின் கடைசியில் உள்ள சாரஸ் என்ற பெரிய பூச்சியைக் கொன்றால் அதன் வயிற்றில் அவருடைய எச்சங்கள் கிடைக்கும். அதை மேலே கொண்டுபோய்த் தீயில் இடுங்கள். குணப்படுத்தும் மந்திரங்களுக்கு 10 சதவீதம் கூடுதல் பலன் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் நான் அந்தப் படிகளில் ஏறியது அதற்காக இல்லை.

சில புத்தகங்கள் நேரடியாக ஒரு குவெஸ்டையே (தேடல் பணியையே) தொடங்கிவைக்கும். செங்கழுகு என்பவனின் கதையைச் சொல்லும் புத்தகத்தைப் படித்தால் அவனுடைய வாளையும் கல்லறையையும் தேடும் பயணம் ஆரம்பமாகும். ஸ்கைரிமின் தொலைந்த கதைகளைச் சொல்லும் இன்னொன்று, கால்டுர் என்ற மந்திரவாதியின் மூன்று மகன்களைத் தேடி மூன்று கல்லறைகளுக்கு உங்களை இழுத்துச் செல்லும். அதில் ஒன்றான ஃபோல்குந்தூரில், உங்களுக்கு முன் அங்கே வந்து இறந்துபோன டேனஸ் வேலனின் நாட்குறிப்பு கிடைக்கும், அவர் தேடிய வழியிலேயே நீங்கள் தொடர்வீர்கள். பல பாகத் தொடர்களைத் தேடுகிறவர்களுக்கு 2920 என்ற தொடரைச் சொல்வேன், 12 மாதங்களுக்கு 12 பாகம். வரிசையாகக் கிடைக்காது, கிடைத்த பாகத்தைப் படித்துவிடுங்கள், எல்லாம் அலமாரியில் சேர்ந்த பிறகு ஒரு முறை முதலிலிருந்து படித்தால் போதும். அதில் சில பாகங்கள் ஸ்கில் புக்குகள் என்பதையும் மறக்காதீர்கள்.

டிராகன்பார்ன் விரிவாக்கத்தின் கறுப்புப் புத்தகங்கள் 7. அவற்றைத் திறப்பதற்கு முன் கட்டாயம் சேவ் செய்யுங்கள், ஏனென்றால் அவை உங்களை அபோக்ரிஃபா என்ற இடத்துக்கே இழுத்துக்கொள்ளும். திரும்பி வர வேண்டுமென்றால் உள்ளேயும் அதே புத்தகத்தைப் படிக்க வேண்டும். பெரும்பாலானவற்றின் முடிவில் மூன்று சக்திகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், பிடிக்காவிட்டால் பிறகு போய் மாற்றிக்கொள்ளலாம். பென்கோங்கரிக்கே என்ற இடத்தில் கிடைக்கும் புத்தகத்தில் மூட்டை சுமக்கும் ஒரு வேலைக்காரனைத் தரும் சக்தி இருக்கிறது, புத்தகம் சேர்ப்பவர்கள் அதையே எடுங்கள்.

கடைசியாக, கணினியில் விளையாடுபவர்கள் அன்ரெட் புக்ஸ் க்ளோ என்ற மோடை (ரசிகர்கள் செய்யும் கூடுதல் இணைப்பை) போட்டுக்கொள்ளுங்கள். படிக்காத புத்தகங்கள் மட்டும் ஒளிரும், எதைப் படித்தோம் எதை விட்டோம் என்ற குழப்பம் இருக்காது. ஆனால் அதை முதல் ஆட்டத்திலேயே போட வேண்டாம். எல்லா அறையிலும் ஏதோ ஒன்று மின்னிக்கொண்டே இருந்தால் ஹாப்ட் வீட்டு மேசையில் கிடக்கும் தாளும் தீர்க்க வேண்டிய இன்னொரு கணக்காகத்தான் தெரியும்.