மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பில் வேகவைப்பது எப்படி

பேரையூர்ப் பக்கம் விளைகிற மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குத்தான் போகிறது. அமெரிக்காவிலிருந்து ஸ்பானியர்கள் சோளத்தைக் கொண்டுபோனார்கள், மெக்சிகோப் பெண்களின் சுண்ணாம்புப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். அது இல்லாமல் சோளத்திலுள்ள நயாசின் என்கிற பி வைட்டமின் உடம்பில் சேராது, சோளமே கதி என்றிருந்த ஏழைகளுக்கு அந்தச் சத்துக் குறைவால் பெல்லாக்ரா என்கிற நோய் வந்தது (1735இல் ஸ்பெயினிலேயே ஒரு மருத்துவர் அதை விவரித்தார்).

சரி, அரை கிலோ காய்ந்த மணி, ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு டீஸ்பூன் வெள்ளை வெற்றிலைச் சுண்ணாம்பு. எவர்சில்வர் பாத்திரம்தான், அலுமினியம் கூடவே கூடாது. 40 நிமிடம் கொதித்ததும் இறக்கி, ராத்திரி முழுக்க மூடிவையுங்கள். காலையில் தண்ணீர் மஞ்சளாகியிருக்கும், தேய்த்தால் தோல் வழவழவென்று விரலோடு வரும். நாலைந்து தடவை அலசுங்கள். அப்புறம் கெட்டியாக அரைத்து, தட்டி, தோசைக்கல்லில் போடுங்கள். தொட்டுக்கொள்ளத் தக்காளிச் சட்னி, தக்காளியும் மெக்சிகோச் சரக்குதான்.