தேய்க்கிற நார் கொடியிலேயே காய்க்கும்

பாத்திரத்துக்கு ஒன்று, குளிக்க ஒன்று என்று பிளாஸ்டிக் ஸ்கிரப்பர் வாங்கிக்கொண்டே இருக்கிறோம். அது தேயத் தேய, உதிரும் துணுக்கெல்லாம் சாக்கடை வழியாக ஆற்றுக்கும் ஏரிக்கும்தான் போகிறது. வீட்டில் கொஞ்சம் வெயிலும் கொடி ஏற ஒரு பந்தலும் இருந்தால், ஆடிப்பட்டத்தில் இரண்டு பீர்க்கு விதை ஊன்றுங்கள்.

சமையலுக்குப் பிஞ்சாகப் பறித்தது போக, நல்ல நீளமான காய் நாலைந்தைக் கொடியிலேயே முற்ற விடுங்கள். அவசரப்பட்டுப் பறித்தால் நார் கெட்டிப்படாது. தோல் பழுப்பாகி, காய் கனமே இல்லாமல் லேசாகி, ஆட்டினால் விதை கலகலக்க வேண்டும், அதுதான் பதம். நுனியை உடைத்து விதைகளைக் கொட்டிக்கொள்ளுங்கள், அடுத்த பட்டத்துக்கு ஆகும். அப்புறம் சிறிது நேரம் தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் சுலபமாக உரிந்துவிடும். பிசுக்குப் போக அலசி, வெயிலில் காயவைத்து, வேண்டிய அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள்.

காய்ந்த நார் கைக்கு முரடாகத்தான் தெரியும். நனைந்ததும் இளகிவிடும். என்றாலும் முகத்துக்கு வேண்டாம். வரி உள்ள பீர்க்கை விட, வழவழப்பான நுரை பீர்க்கு குளிக்க இன்னும் சுகம். விதை கிடைத்தால் விடாதீர்கள்.

ஒவ்வொரு முறையும் பிழிந்து காற்றாடத் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு கிடந்தால் பூசணம் பிடித்துவிடும். வாடை வந்தாலோ நைந்துபோனாலோ நறுக்கிச் செடித்தொட்டியில் புதைத்துவிடலாம், மண்ணோடு மண்ணாக மக்கிவிடும்.